குடோன் அல்ல, ஆலை!

பெரியோர்களே, தாய்மார்களே! 'தாய்மார்களே' என்றதும் முன்வரிசையில் ஒரு சிரிப்பு. சிரியுங்கள், இன்று உங்கள் கதைதான்.

அரியலூர்க்காரர்களுக்கு ஆலை என்றால் என்னவென்று நான் பாடம் எடுக்கவேண்டாம். மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் கோடிக்கணக்கான வருஷம் சும்மா கிடந்தது. அது குடோன். சிமெண்ட் ஆலை வந்தது. புகை, தூசி, லாரி! உடம்புக் கொழுப்பையும் வெறும் குடோன் என்றுதான் ரொம்பக் காலம் நினைத்திருந்தார்கள். 1994-இல் லெப்டின் என்ற ஹார்மோன் பிடிபட்டது. அப்புறம்தான் நன்றாக விளங்கியது, நம் இடுப்பு மடிப்பிலே மூன்று ஷிப்டும் ஆலை ஓடுகிறது என்று! (சிரிப்பு)

மாதவிடாய் நின்றால் சூலகம் ஓய்வு பெற்றுவிடும். கொழுப்புக்கு ஏது ஓய்வு? அதிலிருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். மார்பகப் புற்றில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் உரம். கொழுப்பு ஏற ஏற லெப்டின் ஏறும், 'வளரு, வளரு' என்று செல்லை விரட்டும். அடக்கிவைக்கிற அடிபோனெக்டின் இறங்கும். ஆக்சிலரேட்டரை மிதித்து, பிரேக்கைக் கழற்றிவிட்ட சுண்ணாம்புக்கல் லாரி! அது எப்படி வரும் என்று இந்த ஊரில் ரோட்டைக் கடக்கிற பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேளுங்கள்! (கைதட்டல்)

பருமனானவர்களுக்கெல்லாம் வரும் என்று சொல்லவில்லை. ஒல்லி என்றால் வராது என்றும் சொல்லவில்லை. ஆனால் நம் மாநிலத்தில் நூறு பெண்களுக்கு நாற்பது பேர் எடை கூடியவர்கள், அரசாங்கக் கணக்கு! ஏன்? கம்பும் சோளமும் தின்ற ஊர். இன்று நாம் விளைவிக்கிற மக்காச்சோளம் கோழிக்குப் போகிறது. கோழி எண்ணெயில் குளித்துவிட்டு நமக்கு வருகிறது! (சிரிப்பு)

என் அத்தை, வெங்காயத் தாள் அறுத்தே கை காய்த்துப்போனவர். மார்பில் கட்டி. ஆறு மாதம் முந்தானைக்குள் மறைத்தார். வலிக்கவில்லையாம், அதனால் சொல்லவில்லையாம். அம்மா, வலிக்காத கட்டியையும் காட்டவேண்டும்! கண்டுபிடித்தது யார்? பெரிய டாக்டரா? இல்லை. டி.வி.எஸ். வண்டியில் வருகிற எங்கள் கிராம நர்சம்மா. பிரஷர் பார்க்க வந்தவர், அத்தை கையைத் தூக்கத் தயங்கியதைப் பார்த்துவிட்டார். பேர் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

அறுவை முடிந்து, தையல் ஆறாத உடம்போடு அத்தை சென்னைக்கும் ஊருக்கும் பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போனார். ஏன் பஸ்? நான் பெரம்பலூர்க்காரன் ஐயா! ஒரே மாவட்டமாயிருந்து 2007-இல் பிரிந்தோம். பாகம் பிரிக்கும்போது ரயிலை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்! (பலத்த சிரிப்பு) தேர்தல் வந்தால் எங்களுக்கு ரயில் வரும். ஓட்டு எண்ணி முடித்ததும் புறப்பட்டுப் போய்விடும். வாக்குறுதி கொடுத்தே சிலர் மூன்று சுற்று பருத்துவிட்டார்கள். அவர்கள் கொழுப்பில் என்ன ஹார்மோன் சுரக்கிறதோ, அதை எந்த லேபிலும் கண்டுபிடிக்க முடியாது! (விசில், கைதட்டல்)

சரி, விடுங்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-இல் 12 படுக்கையோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். படுக்கை பெருகிவிட்டது. வெட்கம்தான் குறையவில்லை.

நடங்கள். எண்ணெயைக் குறையுங்கள். மாதம் ஒருநாள் குளிக்கும்போது கையால் தடவிப் பாருங்கள். எங்கள் ஊருக்கு ரயில் என்றைக்கு வருமோ, எனக்குத் தெரியாது. உங்கள் ஊர் நர்சம்மாவின் வண்டி நாளைக் காலை உங்கள் தெருவுக்கு வரும். 'எனக்கொன்றும் இல்லை, போயிட்டு வாங்க' என்று வாசலோடு அனுப்பிவிடாதீர்கள். உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, காட்டுங்கள்.