நடைபாதைக்கும் ஒரு பங்கு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது வழக்கம். இசையைப் பற்றிப் பேசுவதும் வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ தெருவும் நடைபாதையும் ஆகும். இவற்றைச் செப்பனிட அரசு தன் நிதியிலிருந்து எந்த முறையில் பணம் ஒதுக்க வேண்டும் என்பதே நம் கேள்வி. இது எஞ்சினீயர்களுக்கும் கணக்கர்களுக்கும் உரியது, நமக்கென்ன என்று எண்ணலாகாது. தில்லி மாநகரில் குடியேறி வாழும் நாம் பள்ளிக்கும் கடைக்கும் பஸ் நிறுத்தத்திற்கும் நாள்தோறும் நடந்து செல்பவர்கள். இராமகிருஷ்ணபுரத்து மலைமந்திரின் படிகளை ஏறத் தெம்புள்ள முதியவர்கூட, காலனித் தெருவில் பெயர்ந்து கிடக்கும் கல்லைக் கண்டு அஞ்சி வீட்டோடு தங்கிவிடுகிறார். ஒரு முறை இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு வாசற்படி தாண்டுவதே அரிதாகிவிடுகின்றது.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகின்றது. அவர்களுள் நடந்து சென்றோர் 32,825 பேர். அதாவது, ஏறத்தாழ ஐவருள் ஒருவர். நடைபாதை உடைந்திருந்தால் நடப்பவர் வண்டி ஓடும் சாலையில் இறங்குகிறார். இறங்கியபின் அவர் உயிர் வண்டியோட்டியின் கையில் இருக்கின்றது.

இனி, இத்தெருக்கள் எவர் பொறுப்பு என்று பார்ப்போம். தில்லி மாநகராட்சி, 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 ஏப்ரலில் தோன்றியது. 2012-இல் அது மூன்றாகப் பிரிக்கப்பட்டது. 2022 மே மாதத்தில் மீண்டும் ஒன்றாக்கப்பட்டது. 2012-இலேயே, 60 அடியும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலைகள் தில்லி அரசின் பொதுப்பணித்துறைக்கு மாற்றப்பட்டன. காலனியின் உட்புறச் சிறு தெருக்கள் பெரும்பாலும் மாநகராட்சியிடமே நின்றன. ஆகவே, பெருஞ்சாலையின் செலவு அரசின் வரவு செலவுத் திட்டத்திலேயே இடம் பெறுகின்றது. நம் வீட்டு வாசலிலுள்ள தெருவோ மாநகராட்சியின் மெலிந்த பையை நம்பி நிற்கின்றது.

"வீட்டு வரி வாங்குகிறார்களே, அதைக்கொண்டு செய்யட்டுமே, அரசு ஏன் கொடுக்க வேண்டும்?" என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ஆயின், நகரம் வளர வளரப் பெருகும் வரிகள் எவை? பொருள் சேவை வரி, பெட்ரோல் மீதான விற்பனை வரி, மதுத் தீர்வை ஆகியவை. இவை அரசின் கருவூலத்திற்குச் செல்கின்றன. மாநகராட்சியின் முதன்மையான வரி, தானாக வளராத வீட்டு வரியே. இதனை உணர்ந்தே 1992-இல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் ஓர் ஏற்பாடு செய்தது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை நிதி ஆணையம் அமைந்து, அரசின் வரி வருவாயில் நகராட்சிகளுக்கு உரிய பங்கைப் பரிந்துரைக்க வேண்டும் என்பது அது. அதே திருத்தம் சேர்த்த 12-ஆம் அட்டவணையில், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளுள் சாலைகளும் பாலங்களும் இடம் பெற்றுள்ளன. பணியை ஒப்படைத்துப் பணத்தைக் கொடாதிருத்தல், அடுப்பைக் கொடுத்து விறகை மறைத்து வைப்பதற்கு ஒப்பாகும்.

பணம் வந்தால் மட்டும் போதுமா? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. அளப்பதற்கு மூன்று முறைகளைச் சங்கத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, செப்பனிடும் பணிக்கெனத் தனிப் பங்கு வேண்டும். புதிய சாலைக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, மாலை உண்டு. குழியை அடைப்பதற்கு இவை எதுவும் இல்லை. ஆதலால் புதியது கட்டும் செலவு, பழையதைக் காக்கும் செலவை எப்போதும் விழுங்கிவிடுகின்றது. தார்ச்சாலையின் பகை தண்ணீர். சிறு வெடிப்பின் வழியே இறங்கும் மழைநீர், தாருக்கும் கல்லுக்கும் உள்ள பிடிப்பைத் தளர்த்துகின்றது. வண்டிச் சக்கரம் ஏற ஏற அவ்விடம் குழியாகின்றது. வெடிப்பை அடைக்கச் சிறு தொகை போதும். அடிப்படையே குலைந்த சாலையைத் தோண்டி மீண்டும் அமைக்கப் பெருந்தொகை வேண்டும். ஜூன் இறுதியில் மழை தொடங்குமுன் அடைக்காத வெடிப்பு, செப்டம்பரில் குழியாய் நம்மை வரவேற்கும்.

இரண்டாவது, நிலைமைக்கு ஏற்பப் பணம் பகிரப்பட வேண்டும். 250 வார்டுகளுக்கும் சம பங்கு என்பது எளிய கணக்கு. ஆனால் நீதியான கணக்கு ஆகாது. எத்தெரு எவ்வளவு நீளம், எந்த நிலையில் இருக்கின்றது என்று அளந்து, மிகக் கெட்டதை முன்வைத்து வரிசைப்படுத்த வேண்டும். அவ்வாறு வரிசைப்படுத்தினால் நம் காலனியின் முறை பிந்தி வரலாம். வடிகால்கூட இல்லாத தெருக்களில் வாழ்வோர் இந்நகரில் ஏராளம். அவர்களுக்குப் பின்னே நிற்பதை நாம் மனமுவந்து ஏற்க வேண்டும். அந்தப் பட்டியல் பலர் அறிய வெளியிடப்பட வேண்டும் என்பது மட்டுமே நம் வேண்டுகோள்.

மூன்றாவது, தோண்டுவோர் எல்லோரும் ஒரே அட்டவணைக்கு உட்பட வேண்டும். குடிநீர்க் குழாய்க்கு ஒரு நாள், மின்கம்பிக்கு ஒரு நாள், தொலைபேசிக்கு ஒரு நாள், எரிவாயுவுக்கு ஒரு நாள் எனப் புதிய நடைபாதை கிழிக்கப்படுகின்றது. நிலத்தடி வேலைகள் முடிந்த பின்னரே மேற்பரப்பு வேலைக்குப் பணம் விடுவிக்கப்படுமாயின், ஒரே தெருவுக்கு இரு முறை செலவிடும் கொடுமை தீரும். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதியதை இடும் வழக்கமும் ஒழிய வேண்டும். அதனால் தெரு உயர்ந்து வீட்டு வாசல் தாழ்ந்து, மழைநீர் கூடத்திற்குள் புகுகின்றது.

எத்தகைய நடைபாதை வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. இந்தியச் சாலைப் பேரவை 2012-இல் வெளியிட்ட வழிகாட்டி, நடப்பதற்குத் தடையின்றிக் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஆறடி அகலம் வேண்டும் என்கின்றது. அந்த அகலத்தில் இரு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே செல்ல இயலும். 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமும், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு காக்கும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று கூறிவிட்டது. ஆகவே, நாம் கேட்பது எவரிடமும் இரக்கும் சலுகை ஆகாது.

உரிமை கேட்போருக்குக் கடமையும் உண்டு. வீட்டு வரியை உரிய காலத்தில் செலுத்துவோம். நடைபாதையின்மீது காரை நிறுத்தாதிருப்போம்; வாசற்சரிவைத் தெருவரை நீட்டாதிருப்போம். காய்கறி விற்கும் ஏழையை விரட்டுவதற்கு நம் மனுவைக் கருவியாக்க வேண்டாம். அவருக்கும் 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் இடம் வகுத்துள்ளது. நடக்க இடம் விட்டு விற்க இடம் தருவதே நல்ல நகரம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறுகளில் தெருவுக்கு இருவராகப் புறப்பட்டு, பெயர்ந்த கல், திறந்த சாக்கடை மூடி, எரியாத விளக்கு ஆகியவற்றை நாடாவால் அளந்து குறித்து வருவோம். அப்பட்டியலுடன் நம் வார்டு உறுப்பினரையும் சட்டமன்ற உறுப்பினரையும் சென்று காண்போம். காலனிக்கு அலங்கார வளைவு கட்டித் தருவோம் என்று எவரேனும் கூறினால், "வளைவு இருக்கட்டும் ஐயா, முதியோர் நடக்க ஆறடி வழி தாருங்கள்" என்று பணிவோடும் உறுதியோடும் கேட்போம். பஞ்சாபியரும் வங்காளியரும் மலையாளிகளும் நம்முடன் அதே தெருவில்தான் நடக்கிறார்கள். அவர்களையும் உடன் அழைத்துச் செல்வோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!