மூக்கு மருந்தும் நற்காப்புப் பொருளும்



மலைநாட்டில் வாழ்பவருக்கு மூக்கடைப்பு புதிய நோயன்று. கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் நானுஓயாவில் பனிமூட்டமும் சாரலும் நம்மோடு குடியிருக்கின்றன. தேயிலைத் தொழிற்சாலையிலே தூள் சலிக்கும் இடத்தில் வேலை செய்வோர் குளிர்காற்றோடு தூசியையும் சேர்த்துச் சுவாசிக்கின்றனர். ஆகவே, மூக்கினுள் பீச்சும் மருந்துப் போத்தல் இந்நாளில் லயக் காம்பராக்களிலும் காணும் பொருளாகிவிட்டது.

அப்போத்தலைப் பற்றி நம்மிடையே இருவகையான எண்ணங்கள் உண்டு. ‘மூக்கில் விடுவதுதானே, எத்தனை நாள் விட்டாலென்ன?’ என்போர் ஒரு சாரார். ‘அதிலே விஷம் கலந்திருக்கிறதாம்’ என்று யாரோ சொல்லக் கேட்டு, வைத்தியர் தந்த மருந்தையே வீசிவிடுவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் காணத் தவறும் உண்மை யாதென்று இன்று ஆராய்வோம்.

விஷமென்று அஞ்சப்படும் அப்பொருளின் பெயர் பென்சல்கோனியம் குளோரைட்டு. மருந்து பழுதடையாமற் காப்பதற்காகச் சேர்க்கப்படும் நற்காப்புப் பொருள் இது. இதன் கிருமிகொல்லும் ஆற்றலை 1935ஆம் ஆண்டில் உலகறியச் செய்தவர் ஜெர்மானிய விஞ்ஞானி கெர்ஹார்ட் டொமாக். சல்பா மருந்துக்காக 1939ஆம் ஆண்டின் நொபெல் பரிசைப் பெற்றவரும் அவரே. சவர்க்காரம் எண்ணெய்ப் பிசுக்கைக் கலைப்பதுபோல, இது கிருமியின் மேற்சவ்வைக் கலைத்து அதனை அழிக்கின்றது. மூக்கு மருந்துகளில் இது பெரும்பாலும் நூற்றுக்கு 0.02 பங்கு அல்லது அதனிலும் குறைவாகவே சேர்க்கப்படுகின்றது.

இத்தகைய பொருள் ஏன் வேண்டும்? சாதாரணப் போத்தலை ஒருமுறை அழுத்தி மருந்தைப் பீச்சியதும், வெளியேறிய மருந்தின் இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே செல்கின்றது. மூக்கைத் தொட்ட முனையிலிருந்து கிருமிகளும் உடன் செல்லக்கூடும். திறந்த போத்தல் வாரக்கணக்கில் பாவிக்கப்படுகின்றது. காவல் இல்லையேல் மருந்தே கிருமிகளின் வளர்ப்புப் பண்ணையாகிவிடும்.

இது வெறும் கற்பனையன்று. சென்னைக்கு அண்மையில் குளோபல் பார்மா ஹெல்த்கேர் என்னும் நிறுவனம் தயாரித்த செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து, 2023 பெப்ரவரியில் அமெரிக்காவிலிருந்து மீளப்பெறப்பட்டது. பலமுறை பாவிக்கும் போத்தலிலே போதிய நற்காப்புப் பொருள் இல்லை என்பது அந்நாட்டு மருந்து அதிகாரிகள் சுட்டிய குறைகளுள் ஒன்று. அதனோடு தொடர்புபட்ட கிருமித் தொற்று 18 மாநிலங்களில் 81 பேரைப் பற்றியது, நால்வர் இறந்தனர், 14 பேர் பார்வையிழந்தனர். அதே ஆண்டில் நமது நுவரெலியா வைத்தியசாலையிற் கண் சத்திரசிகிச்சை பெற்ற சிலர் பார்வையிழந்தபோதும், அவர்களுக்கு இடப்பட்ட சொட்டு மருந்தின் மீதே ஐயம் விழுந்தது. அம்மருந்து பாவனையிலிருந்து நீக்கப்பட்டது. கண் வேறு, மூக்கு வேறு. ஆயினும் மருந்து தூய்மை கெட்டால் எத்தகைய துன்பம் விளையுமென்பதை அறிய நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை.

அப்படியாயின் இக்காவலாளி குற்றமற்றவனா? அவ்வாறும் சொல்வதற்கில்லை. நம் மூக்கின் உட்சவ்விலே கண்ணுக்குத் தெரியாத பிசிர்கள், காற்றிலாடும் நெற்கதிர்கள்போல அசைந்து, தூசியையும் சளியையும் அப்புறப்படுத்துகின்றன. ஆய்வுகூடத்திலே இப்பொருள் பட்டபோது பிசிர்களின் அசைவு தளர்ந்தது. 1990களில் சுவீடனில், நோயற்றவர்களிடம் ஒரு மாதம் இதனை மட்டும் பீச்சிப் பார்த்தபோது மூக்கின் உட்சவ்வு வீங்கியது. இதற்கு மாறாக, பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அமெரிக்க வைத்தியர்கள், வழக்கமான அளவில் இது தீங்கற்றதென 2004இல் முடிவுகூறினர். ஐரோப்பிய மருந்து முகவரகமோ, நீண்டகாலம் பாவித்தால் மூக்கினுள் எரிச்சலோ வீக்கமோ உண்டாகலாமென்று மருந்துடன் வரும் தாளிற் குறிக்கும்படி 2017இல் நெறிப்படுத்தியது. ஆகவே, சில நாட்கள் பாவிப்போர் அஞ்சவேண்டியதில்லை. பல மாதம் பாவிப்போர் விழிப்பாக இருக்கவேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டை நினைவிற் கொள்ளவேண்டும். ஒக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் முதலிய மருந்துகள் அடைப்பை உடனே திறப்பவை. அவற்றை நாட்கணக்கிற் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தணிந்ததும் அடைப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பும். மீண்டும் மருந்து, மீண்டும் அடைப்பு. அமெரிக்காவில் இம்மருந்துகளின் உறையிலே மூன்று நாளுக்குமேல் பாவிக்கவேண்டாமென அச்சிடுகின்றனர். இக்கேட்டில் முதற் குற்றவாளி அடைப்புத் திறக்கும் மருந்தே. நற்காப்புப் பொருள் அதற்குத் துணைபோகக்கூடியது. ஒவ்வாமைக்கு வைத்தியர் தரும் ஸ்டெரொயிட் மருந்துகள் வேறினத்தவை. அவற்றை அவர் சொன்ன காலம்வரை பாவிப்பதே முறை. பயந்து இடைநடுவில் எறிவது முறையன்று.

இனிச் செய்யத்தக்கவை. ஒரு போத்தல் ஒருவருக்கே உரியது. வகுப்பறையில் ஒரு பிள்ளையின் மருந்து நாலு பிள்ளைகளின் மூக்குக்குச் செல்வதை நான் கண்டிருக்கிறேன். நற்காப்புப் பொருள் அத்தனை பேரின் கிருமிகளுக்கும் காவல் நிற்குமென்று நம்பலாகாது. பாவித்தபின் முனையைத் துடைத்து மூடிவையுங்கள். திறந்த திகதியைப் போத்தலிலேயே எழுதி, குறித்த காலம் கடந்ததும் எறிந்துவிடுங்கள். எரிச்சலோ காய்வோ நீடித்தால், நற்காப்புப் பொருள் சேராத மருந்து உண்டோவென்று வைத்தியரிடம் கேளுங்கள். கிருமி புகாதபடி அமைந்த விசேட பம்பியுடன் அத்தகைய மருந்துகளும் இன்று செய்யப்படுகின்றன. அவற்றின் மருந்தை வேறு போத்தலில் மாற்றினால் காவல் முற்றாக நீங்கிவிடும்.

காவலாளியைத் துரத்துவதும் அறிவன்று. காவலாளி இருக்கிறானென்று கதவைத் திறந்துவைப்பதும் அறிவன்று. மூன்று நாளில் தீராத மூக்கடைப்புக்கு மேலும் ஒரு போத்தலை வாங்கச் செல்லுமுன், தோட்ட வைத்தியரிடம் ஒருமுறை செல்லுங்கள்.