மதுக்கடை உரிமமும் அண்டை வீட்டார் கடமையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

புகழனைத்தும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக.

 

மது ஹராம் என்பதை இச்சபையில் விளக்க வேண்டிய தேவையில்லை. நம் மதரஸாவில் ஓதும் சிறுவர்களும் அதனை அறிவர். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட செய்தி வேறு. நாம் வாழும் இந்த லண்டன் மாநகரில், பள்ளிவாசல் இருக்கும் தெருவிலோ நம் வீட்டை அடுத்த கட்டடத்திலோ மது விற்கவும் பின்னிரவு வரை கேளிக்கை நடத்தவும் ஒருவர் உரிமம் கேட்டால், நாம் செய்ய வேண்டியது என்ன? ஜமாஅத்தார் பலர் இக்கேள்வியை நம்மிடம் கேட்டதுண்டு. "நாம் சொன்னால் கவுன்சிலில் யார் கேட்கப் போகிறார்கள்?" என்று சலித்துக்கொண்டவர்களும் உண்டு. அந்தச் சலிப்பு சரியானதன்று என்பதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முன்னாளில் மது விற்பனைக்கான உரிமத்தை மாஜிஸ்திரேட்டுகள் வழங்கி வந்தனர். 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் 2005 நவம்பர் 24 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், அப்பொறுப்பு உள்ளூர்க் கவுன்சில்களிடம் வந்து சேர்ந்தது. உரிமம் கேட்பவர் தம் கடையின் முகப்பில் வெளிர் நீலநிறத் தாளில் ஓர் அறிவிப்பை ஒட்டி, 28 நாட்கள் வைத்திருக்க வேண்டும். என்ன விற்கப் போகிறார், எத்தனை மணி வரை திறந்திருப்பார், ஆட்சேபனையை எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்பவை அதில் காணப்படும். நம்மில் எத்தனை பேர் அந்த நீலத்தாளைக் கடந்து தொழுகைக்கு வருகிறோம். எத்தனை பேர் நின்று படிக்கிறோம் என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கட்டும்.

அன்பர்களே! இச்சட்டத்தில் நாம் முதலாவதாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. அந்த 28 நாட்களுக்குள் காவல்துறை போன்ற பொறுப்புத் துறையினரோ, குடியிருப்பவர்களோ, வேறு எவருமோ தகுந்த ஆட்சேபனை தெரிவிக்கவில்லையெனில், முறையாகச் செய்யப்பட்ட விண்ணப்பத்திற்குக் கவுன்சில் உரிமம் வழங்கியே தீர வேண்டும். மறுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. மௌனம் சம்மதம் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வது இங்கே சட்டமாகவே இருக்கிறது.

இரண்டாவது, எதைச் சொன்னால் ஏற்கப்படும் என்பது. சட்டம் நான்கு நோக்கங்களை வகுத்துள்ளது. குற்றமும் ஒழுங்கீனமும் தடுத்தல், பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லை தடுத்தல், சிறார்களைத் தீங்கிலிருந்து காத்தல் ஆகியவையே அவை. நாம் சொல்வது இந்நான்கில் ஒன்றைச் சார்ந்திருத்தல் வேண்டும். "மது எங்கள் மார்க்கத்தில் விலக்கப்பட்டது" என்று எழுதினால் அது நமக்கு உண்மை. ஆனால் அச்சபையில் அது காரணமாகாது. "இத்தெருவில் ஏற்கெனவே போதிய கடைகள் உள்ளன, இன்னொன்று எதற்கு?" என்று கேட்பதும் காரணமாகாது.

தமிழகத்திலிருந்து வந்தோருக்கு இது வியப்பாக இருக்கலாம். அங்கே 2003ஆம் ஆண்டின் மதுபானச் சில்லறை விற்பனை விதிகள், வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்விக்கூடத்திலிருந்தும் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டரும் பிற பகுதிகளில் 100 மீட்டரும் இடைவெளி வேண்டும் என்று கூறுகின்றன. இந்நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு மீட்டர்க் கணக்கு இல்லை. பள்ளிவாசல் பக்கத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. அந்தப் பக்கத்தில் வாழ்வோருக்கு என்ன நேரும் என்பதைக் காட்ட வேண்டும்.

பிரிக் லேன் தெருவை நம்மில் பலர் அறிவோம். அங்குள்ள ஜாமிஆ மஸ்ஜித் 1743இல் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டு அகதிகளின் தேவாலயமாகக் கட்டப்பட்டு, பின்னர் மெதடிஸ்டுகளின் ஆலயமாகி, 1898இல் யூதர்களின் வழிபாட்டு இல்லமாகி, 1976 முதல் பள்ளிவாசலாக விளங்குகிறது. அதைச் சுற்றி உணவகங்களும் மதுக்கூடங்களும் நெருங்கிப் பெருகியதால், டவர் ஹேம்லட்ஸ் கவுன்சில் 2013இல் அப்பகுதியை, உரிமங்கள் ஒன்றுசேர்ந்து விளைவிக்கும் தாக்கம் மிகுந்த பகுதியாக அறிவித்தது. அத்தகைய பகுதியில் புதிதாக உரிமம் கேட்பவர், தம்மால் தொல்லை கூடாது என்பதைத் தாமே விளக்க வேண்டும். 2018 ஏப்ரல் முதல் இந்த ஏற்பாடு சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. ஆயினும் அத்தகைய பகுதியிலும் எவரும் ஆட்சேபிக்கவில்லையெனில் உரிமம் கிடைத்துவிடும். வேலி போட்டாலும் காவல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆட்சேபனை வந்தால் பெரும்பாலும் மூன்று கவுன்சிலர்கள் கொண்ட குழு விசாரணை நடத்தும். அவர்கள் உரிமத்தை மறுக்கலாம், நேரத்தைக் குறைக்கலாம், வாசலில் காவலர் நிற்க வேண்டும், இரவில் சன்னல்கள் மூடியிருக்க வேண்டும், காலி போத்தல்களை நள்ளிரவில் கொட்டலாகாது என நிபந்தனைகள் விதிக்கலாம். நாம் கேட்டதெல்லாம் கிடைக்காமற் போகலாம். ஆனால் அதிகாலை இரண்டு மணி என்பது பதினோரு மணியாகக் குறைந்தாலும், சுப்ஹுக்கு எழும் முதியவருக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அது பெரும் நிம்மதியன்றோ?

அக்குழுவின் முன் நாம் சாட்சிகளாக நிற்கிறோம் என்பதை மறந்துவிடலாகாது. சாட்சியம் அமானிதம். ஒரே வாசகத்தில் நூறு கையெழுத்துகள் வாங்கி அனுப்புவதைவிட, "என் மகள் மாலையில் மதரஸா விட்டு இவ்வழியே வருகிறாள், இன்ன நாளில் இன்ன நேரத்தில் இது நடந்தது" என்று ஒருவர் தாம் கண்டதை எழுதுவது கனமானது. காணாததைக் கண்டதாக எழுதுவது கூடவே கூடாது. ஆட்சேபிப்பவர் பெயரும் முகவரியும் பொதுவாக விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்கப்படும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அஞ்சுவோர் கவுன்சிலர் மூலமோ ஜமாஅத் மூலமோ தம் கருத்தைச் சேர்ப்பிக்கலாம்.

இங்கே சற்றுக் கசப்பான இரண்டு செய்திகளையும் சொல்லியாக வேண்டும். நம்மவர் சிலரின் கடைகளிலும் மது விற்கப்படுகிறது. அச்சகோதரர்களைச் சபையில் நாணச் செய்வது நம் நோக்கமன்று. அவர்களுக்கும் வாடகையும் குடும்பமும் உண்டு என்பதை அறிவோம். ஹலாலான வழிக்கு மாற எண்ணுவோர்க்கு ஜமாஅத் தோள்கொடுக்க வேண்டும். ஆனால் அயலார் விண்ணப்பித்தால் ஆட்சேபனை, நம்மவர் விண்ணப்பித்தால் மௌனம் என்றிருப்பது நீதியாகாது. தனக்கும் தன் உறவினருக்கும் பாதகமாயினும் நீதியோடு சாட்சி சொல்லுமாறு அந்நிஸா அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. இரவு பதினோரு மணி முதல் காலை ஐந்து மணி வரை சூடான உணவும் பானமும் விற்பதற்கும் உரிமம் தேவை. ஆகவே கொத்து பரோட்டாக் கடை நடத்துவோரும் இச்சட்டத்திற்கு உட்பட்டவரே.

மற்றொன்று நம் பள்ளிவாசலைப் பற்றியது. கோடைக் காலத்தில் இங்கே இஷா இரவு பதினோரு மணியை நெருங்குகிறது. தொழுகை முடிந்து தெருவில் நின்று உரக்கப் பேசுவதும், கார்க் கதவுகளை அறைந்து சாத்துவதும், பிறர் வாசலை மறித்து வண்டி நிறுத்துவதும் அண்டை வீட்டாருக்குத் தொல்லையே. மதுக்கூடத்தின் இரைச்சலைக் குறைகூறும் நாவு, முதலில் நம் இரைச்சலை அடக்கியாக வேண்டும். அப்போதுதான் நம் சொல்லுக்கு மதிப்பு உண்டாகும்.

மாற்றுச் சமயத்தவரின் குடிப்பழக்கத்திற்குச் சட்டமியற்ற நாம் வரவில்லை. நாம் கேட்பது அண்டை வீட்டாரின் உரிமை. தெருக்கோடியில் தனியாக வாழும் ஆங்கிலேய மூதாட்டியும் அதே உறக்கத்தைத்தான் கேட்கிறார். நீலத்தாளைக் கண்டால் அவர் வீட்டுக் கதவையும் தட்டுங்கள். இருவரும் சேர்ந்து எழுதுங்கள்.

நிர்வாகத்திற்கு நம் வேண்டுகோள் இரண்டு. கவுன்சில் வெளியிடும் விண்ணப்பப் பட்டியலை வாரந்தோறும் பார்க்க இளைஞர் இருவரை நியமியுங்கள். எழுதத் தெரியாதோர்க்கு, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். உரிமம் வழங்கப்பட்ட பின்னும் தொல்லை தொடர்ந்தால், மறுபரிசீலனை கோரும் உரிமை எந்நேரமும் நமக்கு உண்டு. அதற்காக நாளும் நேரமும் குறித்து வையுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் தெருக்களை அமைதியுள்ளவையாகவும், நம் பிள்ளைகளைப் பாதுகாப்புடையோராகவும், நம் நாவுகளை உண்மை பேசுபவையாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.