பூனையைத் தேடிய அம்மா



வேலை முடிந்து, குளித்துச் சாப்பிட்டு, வானொலிப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் இன்று ஒரு நாடகத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

நாடகம் என்றதும் தோட்டத்துப் பெரியவர்களுக்கு நினைவு வருவது கோயில் திருவிழாவில் விடிய விடிய நடந்த அரிச்சந்திராவும் வள்ளி திருமணமும்தான். நான் சொல்லப்போகும் நாடகத்தில் ராஜாவும் இல்லை, பபூனும் இல்லை. ஓர் அம்மா, அவள் பெற்ற பிள்ளைகள், ஒரு பூனை. 'பூனையைத் தேடும் அம்மா' என்று தமிழில் சொல்லலாம். 1988-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் மேடையேறியது. உருவாக்கியவர் குவோ பாவ் குன் என்ற சீன நாடகாசிரியர். சீனர் நாடகத்தில் நமக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். அதில் ஒரு தமிழ்ப் பெரியவர் வருகிறார். வந்து, தமிழிலேயே பேசுகிறார்!

முதலில் கதை. அம்மாவுக்குத் தெரிந்தது ஹொக்கியன் மொழி. பிள்ளைகள் சிறுசுகளாக இருந்தபோது அது போதுமானதாக இருந்தது. அந்த மொழியிலே கதை கேட்டார்கள், விளையாடினார்கள். பிறகு பள்ளிக்கூடம் போனார்கள். அங்கே ஆங்கிலம், மாண்டரின். பிள்ளைகள் வளர வளர, அம்மா பேசுவது அவர்களுக்குப் பாதி புரிகிறது. அவர்கள் பேசுவது அம்மாவுக்குப் புரியவே இல்லை. வீட்டிலே அவளோடு ஒட்டிக்கொண்டிருப்பது ஒரு பூனைதான். அதுவும் பிள்ளைகளுக்குத் தொல்லையாகப் படுகிறது. ஒரு நாள் பூனை காணாமற்போகிறது. அதைத் தேடி அம்மா தெருவில் இறங்கிவிடுகிறாள். அம்மாவைத் தேடிப் பிள்ளைகள் அலைகிறார்கள்.

இது ஏதோ கற்பனையாகக் கட்டிய கதையன்று. சிங்கப்பூரில் 1979-இல் 'மாண்டரின் பேசுங்கள்' என்ற இயக்கம் தொடங்கியது. ஹொக்கியன், தியோச்சியூ, காண்டனீஸ் போன்ற வீட்டுமொழிகளைச் சீனர்கள் விட்டுவிட வேண்டும் என்பது அதன் நோக்கம். 1987-இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழி ஆயிற்று. நமக்கும் இதில் பங்குண்டு. அங்கே கடைசியாக இருந்த தமிழ்வழிப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. தமிழ் ஒரு பாடமாக இன்றும் கற்பிக்கப்படுகிறது, அது வேறு. கணக்கையும் சரித்திரத்தையும் தமிழிலேயே படிப்பது அதோடு நின்றது. ஆங்கிலம் படித்ததனால் பிள்ளைகளுக்கு நல்ல உத்தியோகம் கிடைத்தது. அதை யாரும் மறுக்க முடியாது.

இப்போது அந்தத் தமிழ்ப் பெரியவர். பூனையைத் தேடி அலையும் அம்மா ஓரிடத்தில் அவரைப் பார்க்கிறாள். அவரும் தம்முடைய பூனையைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவளுக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு ஹொக்கியன் தெரியாது. சிராங்கூன் சாலையிலும் தேக்கா சந்தையிலும் பழகிய அந்தக்காலத்துப் பெரியவர்களிடம் சந்தை மலாய் என்று ஒன்று இருந்தது. சீனத்தியும் தமிழரும் அதிலேதான் மீனுக்கும் கீரைக்கும் விலை பேசுவார்கள். நாடகத்திலோ இருவரும் அவரவர் மொழியிலேயே பேசுகிறார்கள். கையைக் காட்டுகிறார்கள்; பூனைபோலக் கத்திக் காட்டுகிறார்கள். எவ்வளவு பெரிய பூனை, எப்படிப்பட்ட பூனை என்று ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்கிறார்கள். சிரிப்பு வருகிறது. பெற்ற பிள்ளைகளிடம் பேச முடியாதவள் முன்பின் தெரியாத ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுகிறாளே என்று நினைக்கும்போது தொண்டையும் அடைக்கிறது. அந்தப் பேச்சை யாரும் மொழிபெயர்த்துச் சொல்வதில்லை. தமிழ் தெரிந்தவனுக்கு ஒரு பாதி புரியும். ஹொக்கியன் தெரிந்தவனுக்கு மறுபாதி. நாற்காலியில் இருக்கும் நாமும் அந்தக் குடும்பத்தைப்போல ஆகிவிடுகிறோம்.

எழுதிவைத்த வசனத்தை ஒப்பிப்பதாக இந்த நாடகம் பிறக்கவில்லை. நடிகர்கள் ஒத்திகையில் தங்கள் வீட்டு அனுபவங்களைக் கொண்டுவந்து சேர்க்க, குவோ அதைக் கோத்தார். நாடகம் பேச்சுமணத்தோடு இருப்பதற்கு அதுதான் காரணம்.

எனக்கு ஒரு குறையும் உண்டு. பிள்ளைகளை ஆசிரியர் ஒரு கூட்டமாகவே காட்டுகிறார். அம்மாவுக்கு முகம் இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு என்ன பாரம் என்பதும் கேட்கவேண்டிய கதைதானே? அந்தத் தமிழ்ப் பெரியவரும் வந்த வேகத்தில் போய்விடுகிறார். அவர் வீட்டில் எத்தனை பேர், அவருடைய பேரன் அவரிடம் எந்த மொழியில் பேசினான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருந்தது.

குவோ 1939-இல் சீனாவின் ஹெபெய் மாநிலத்தில் பிறந்தவர். பத்து வயதில் சிங்கப்பூர் வந்தார். 1965-இல் மனைவி கோ லே குவானோடு சேர்ந்து நாடக, நடனப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1976-இல் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டு, 1980-இல்தான் வெளியே வந்தார். அதற்குப் பின்னர் எழுதியவைதாம் அவருடைய பெயர்பெற்ற நாடகங்கள்.

அவற்றுள் ஒன்று 1984-இல் எழுதிய 'குழிக்குப் பெரிய சவப்பெட்டி'. ஒரே ஆள் பேசும் நாடகம். தாத்தாவின் சவப்பெட்டி மிகப் பெரியது. இடுகாட்டுக் குழியோ எல்லாருக்கும் ஒரே அளவு. இரண்டு குழியின் இடம் கேட்டால், ஓர் ஆளுக்கு ஒரு குழிதான் சட்டம் என்கிறார் அதிகாரி. சொந்தபந்தமெல்லாம் காத்து நிற்க, பேரன் வாதாடுகிறான். கடைசியில் அனுமதி கிடைத்துவிடுகிறது. ஆனாலும் அவனுக்கு ஒரு கவலை: ஒரே அளவுக் குழிகளின் நடுவே நான் படுத்தால் என் பேரப்பிள்ளைகள் என்னை அடையாளம் காண்பார்களா? ஒரே அச்சில் வார்த்த லயத்து வீடுகளில் வாழ்ந்த நமக்கு இந்தக் கேள்வி சட்டென்று புரியும்.

2000-ஆம் ஆண்டில், தி. சசிதரன் என்ற நம்மவரோடு சேர்ந்து குவோ ஒரு நடிப்புப் பயிற்சிக்கூடத்தை நிறுவினார். அங்கே சீனத்துப் பீக்கிங் இசைநாடகம், ஜப்பானிய நோ, ஜாவாவின் வாயாங் வோங், கேரளத்துக் கூடியாட்டம் ஆகிய நான்கையும் மாணவர்கள் கற்றார்கள். 2002-இல் குவோ காலமானார்.

உங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பூனைக் காட்சியை நடித்துப் பாருங்கள். பாட்டி தமிழிலேயே பேசட்டும். பேத்தி பள்ளியில் படித்த மொழியிலேயே பேசட்டும். வசனம் எழுத வேண்டாம். காணாமற்போன பூனைக்கு என்ன நிறம் என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.