செக் என்ஜின் லைட் எரிஞ்சா பார்ட் மாத்தணுமா? ஃபியூயல் ட்ரிம் என்ன சொல்லுது

இந்த வாரம் கோடிங் கிடையாது, கார். பயந்துடாதீங்க, ஸ்பேனர் பிடிக்கத் தெரியணும்னு அவசியம் இல்ல. ரெண்டு நம்பரைக் கூட்டத் தெரிஞ்சா போதும்.

கார்ல மஞ்சள் கலர்ல செக் என்ஜின் லைட் எரியுது. ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனர் மாட்டிப் பார்க்கிறாங்க. பி 0171னு ஒரு கோட் வருது. அதுக்கு அர்த்தம் 'சிஸ்டம் டூ லீன்'. அதாவது என்ஜினுக்குள்ள போற கலவையில காத்து அதிகம், இல்லன்னா பெட்ரோல் கம்மி. அந்தக் கோட் சொல்றது அவ்வளவுதான். ஆனா நிறைய இடத்துல அடுத்த நிமிஷமே "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்"னு பில் ரெடியாகிடுது. அந்த சென்சார் பாவம், காத்து அதிகமா இருக்குன்னு உண்மையைத்தான் சொல்லுச்சு. சேதி சொன்னவனையே வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க.

நம்ம வேலையில ராத்திரி 2 மணிக்கு 'சர்வர் ஸ்லோ'ன்னு அலர்ட் வந்தா, உடனே புது சர்வர் வாங்குறோமா? லாக் பார்ப்போம். கார்லயும் அந்த மாதிரி ஒரு லாக் இருக்கு. அதுதான் ஃபியூயல் ட்ரிம்.

முதல்ல அது எங்கேருந்து வருதுன்னு பார்க்கலாம். பெட்ரோல் முழுசா எரியணும்னா, 1 கிலோ பெட்ரோலுக்குக் கிட்டத்தட்ட 14.7 கிலோ காத்து வேணும். என்ஜினை ஓட்டுற கம்ப்யூட்டர், அதாவது இசியு, உள்ள எவ்வளவு காத்து வருதுன்னு ஒரு சென்சார் மூலமா அளக்குது. அதுக்கு ஏத்த மாதிரி பெட்ரோல் பீய்ச்சுது. எரிஞ்சு முடிச்சு வெளிய வர்ற புகையில ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சொல்லுது. மிச்சம் அதிகமா இருந்தா, பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம். இசியு கொஞ்சம் கூட்டுது. இப்படிக் கூட்டிக் குறைக்கிற சதவீதம்தான் ட்ரிம்.

இதுல ரெண்டு வகை. ஷார்ட் டெர்ம் ட்ரிம், லாங் டெர்ம் ட்ரிம். டீக்கடை மாஸ்டரை நினைச்சுக்கோங்க. ஒருத்தர் "அண்ணே, சர்க்கரை பத்தல"ன்னா, அந்த கிளாஸ்ல மட்டும் அரை ஸ்பூன் போட்டு ஆத்தித் தருவார். அது ஷார்ட் டெர்ம். ஒரு வாரமா வர்றவங்க எல்லாருமே அதையே சொன்னா, மாஸ்டர் தன்னோட அளவையே மாத்திடுவார். அது லாங் டெர்ம். அதுக்கப்புறம் யாரும் குறை சொல்ல மாட்டாங்க. ஷார்ட் டெர்ம் திரும்ப பூஜ்யத்துக்குப் பக்கத்துல வந்துடும்.

அதனாலதான் ரெண்டையும் கூட்டிப் பார்க்கணும். ஷார்ட் டெர்ம் மட்டும் பார்த்துட்டு, "ப்ளஸ் 2தான் இருக்கு, நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லக் கூடாது. லாங் டெர்ம்ல ப்ளஸ் 20 ஒளிஞ்சிருக்கலாம். கூட்டுத்தொகை ப்ளஸ், மைனஸ் 5 சதவீதத்துக்குள்ள இருந்தா கவலை இல்ல. 10ஐத் தாண்டினா ஏதோ இருக்கு. 25 பக்கத்துல போனா, பெரும்பாலான கார்கள்ல இசியு இதுக்கு மேல சமாளிக்க முடியாதுன்னு லைட்டைப் போட்டுடும்.

சரி, இப்போ வேக்யூம் லீக். என்ஜின் ஐட்லிங்ல இருக்கும்போது த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன் காத்தை இழுக்குது, வழி அடைச்சிருக்கு. அதனால இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ள வெளிக்காத்தை விட அழுத்தம் ரொம்பக் குறைவு. நாம ஸ்ட்ரா வாயை விரலால மூடிட்டு உறிஞ்சுற மாதிரி. அந்த ஸ்ட்ராவுல ஊசி முனை அளவு ஓட்டை இருந்தா, 'உஸ்ஸ்'னு காத்து உள்ள வரும். அந்தக் காத்து ஏர் ஃப்ளோ சென்சார் வழியா வரல. கணக்குல இல்லாத காத்து. டிக்கெட் எடுக்காம பின் படிக்கட்டுல ஏறின ஆளு மாதிரி.

இங்கதான் மெயின் பாயின்ட். ஒரு ஸ்பூன் உப்பை ஒரு டம்ளர் தண்ணியில போட்டா வாயில வைக்க முடியாது. அதே ஒரு ஸ்பூனை ஒரு அண்டா தண்ணியில போட்டா தெரியவே தெரியாது. உப்பு மாறல, தண்ணிதான் மாறுச்சு. லீக்கும் அப்படித்தான்.

புரியறதுக்காக ஒரு கணக்கு. ஐட்லிங்ல சென்சார் வழியா நொடிக்கு 2 கிராம் காத்து வருது. லீக் வழியா 0.4 கிராம். அப்போ இசியு போடற கணக்கை விட 20 சதவீதம் கூடுதல் பெட்ரோல் வேணும். ட்ரிம் ப்ளஸ் 20. இப்போ ஆக்சிலரேட்டரை மிதிச்சு 2500 ஆர்பிஎம்ல பிடிக்கிறோம். சென்சார் வழியா 8 கிராம்னு வெச்சுக்கோங்க. லீக் அதே 0.4தான். ட்ரிம் 5 சதவீதத்துக்கு இறங்கிடும். மேட்டுல நல்லா அழுத்தி ஏத்தும்போது த்ராட்டில் திறந்துடும், உள்ள வேக்யூமே குறைஞ்சுடும், லீக்கும் சுருங்கிடும். ட்ரிம் இன்னும் கீழ வரும்.

அப்போ, ஐட்லிங்ல அதிகம், ஆர்பிஎம் ஏறினா இறங்குதுன்னா வேக்யூம் லீக் மேலதான் முதல் சந்தேகம்.

இதுக்கு நேர் எதிர் ஒண்ணு இருக்கு. ஐட்லிங்ல நல்லா இருக்கு, லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறுது. அது பெட்ரோல் வர்ற பக்கத்துப் பிரச்சனையா இருக்கலாம். பம்ப் சோர்ந்து போயிருக்கலாம், ஃபில்டர் அடைச்சிருக்கலாம். ஐட்லிங்ல கொஞ்சம் பெட்ரோல் போதும், அதுக்கு பம்ப் சமாளிச்சுடும். ஏத்தத்துல கேக்கும்போது கொடுக்க முடியல. ஏர் ஃப்ளோ சென்சார்ல அழுக்கு படிஞ்சிருந்தாலும் இந்த மாதிரி காட்டலாம்.

மூணாவது, எல்லா வேகத்துலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு ப்ளஸ். இதை இப்போ நாம தெரிஞ்சுக்கணும். ஏன்னா நம்ம ஊர் பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்து வருது. எத்தனால்ல ஏற்கனவே ஆக்சிஜன் இருக்கு. 1 கிலோ எத்தனாலுக்குக் கிட்டத்தட்ட 9 கிலோ காத்துதான் தேவை. அதனால 20 சதவீதக் கலவைக்கு 14.7 கிடையாது, சுமார் 13.5. அதுக்காக டியூன் பண்ணாத பழைய கார், அதே காத்துக்குக் கொஞ்சம் கூடுதலா பீய்ச்ச வேண்டியிருக்கும். ஆனா இது பெருக்கல் மாதிரி, எல்லா இடத்துலயும் ஒரே சதவீதம். லீக்ங்கிறது கூட்டல் மாதிரி, மொத்தம் சின்னதா இருக்கும்போது மட்டும் பெருசாத் தெரியும். நம்பர் எவ்வளவுங்கிறதை விட, எங்கேருந்து எங்க மாறுதுங்கிறதுலதான் விஷயம் இருக்கு.

எங்க தெருவுல கால் டாக்ஸி ஓட்டுற ஒரு அண்ணன் இருக்கார். பத்து வருஷப் பழைய பெட்ரோல் கார். சிக்னல்ல நின்னா வண்டி நடுங்கும், ஓடும்போது ஒண்ணும் தெரியாது. லைட் வேற எரியுது. ஒரு ஒர்க்‌ஷாப்ல ஸ்பார்க் பிளக் மாத்தினாங்க. இன்னொரு இடத்துல ஆக்சிஜன் சென்சார் மாத்தினாங்க. ஒவ்வொரு தடவையும் கோடை அழிச்சுத் தருவாங்க, நாலு நாள்ல திரும்ப வரும். ஏழாயிரம் ரூபாய்க்கு மேல போச்சு. வண்டி நின்ன நாள்ல சவாரி போனது தனி. என்கிட்ட அவர் கேட்டது, "தம்பி, லைட் எரியாம பண்ண முடியுமா? கஸ்டமர் பார்த்துட்டுக் கேக்குறாங்க."

"அண்ணே, லைட்டை விடுங்க, அது எதுக்கு எரியுதுன்னு பார்ப்போம்"னு சொல்லி, ப்ளூடூத் ஓபிடி அடாப்டரை மாட்டினோம். என்ஜின் நல்லா சூடானதும் ஐட்லிங்ல லாங் டெர்ம் ப்ளஸ் 18, ஷார்ட் டெர்ம் ப்ளஸ் 4. மொத்தம் 22. அவரையே 2500ல பிடிக்கச் சொன்னேன். மொத்தம் 6. "என்ன தம்பி, குறையுது?"ன்னார். "அதுதாண்ணே பதில்"னேன்.

அடுத்தது எந்த இடம்னு கண்டுபிடிக்கணும். என்ஜின் ஐட்லிங்ல ஓடும்போது, மேனிஃபோல்டுக்குப் போற ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொண்ணா மேனிஃபோல்டுகிட்ட அமுக்கிப் பிடிச்சு, ஷார்ட் டெர்ம் ட்ரிம்மைப் பார்த்துட்டே இருந்தோம். கிராங்க்கேஸ் காத்தைத் திரும்ப உள்ள கொண்டு வர்ற பிசிவி ஹோஸை அமுக்கினதும் நம்பர் சர்ருனு கீழ இறங்குச்சு. கழட்டிப் பார்த்தா, வளைவுல, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்துல, ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. சில நூறு ரூபாய் ஹோஸ். வருஷக்கணக்கா என்ஜின் சூட்டுல வெந்த ரப்பர், வேற என்ன பண்ணும்?

மெக்கானிக்கைத் திட்டறதுக்காக இதைச் சொல்லல. ஒரு நாளைக்குப் பத்து வண்டி பார்க்கிறவருக்கு, "மாத்திக் கொடு, சீக்கிரம்"னு நிக்கிற கஸ்டமர்தான் அதிகம். அளந்து பார்க்கிற அரை மணி நேரத்துக்கு யாரும் காசு கொடுக்கிறதில்ல, பார்ட்டுக்குத்தான் கொடுக்கிறோம். அப்போ பார்ட்தான் மாறும்.

ஒரு பெரிய எச்சரிக்கை. இன்டர்நெட்ல இருக்கிற நிறைய வீடியோ, ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கிற கார்களை வெச்சுப் பேசுது. நம்ம ஊர்ல பல சின்ன கார்கள்ல அது கிடையாது. மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கிற மேப் சென்சார்தான் இருக்கும். அதுல கதை வேற. லீக் ஆனா மேனிஃபோல்டுல அழுத்தம் கூடும். அதைப் பார்த்துட்டு, "ஓ, காத்து அதிகமா வருது"ன்னு இசியு தானே பெட்ரோலைக் கூட்டிடும். ட்ரிம் கிட்டத்தட்ட நார்மலா இருக்கும். ஐட்லிங் ஆர்பிஎம்தான் ஏறி நிக்கும், இல்லன்னா ஏறி ஏறி இறங்கும். அந்தக் கார்ல ட்ரிம்மை மட்டும் பார்த்துட்டு லீக் இல்லன்னு சொல்லிடாதீங்க. மேப் ரீடிங்கைப் பாருங்க. சூடான என்ஜின், ஏசி ஆஃப், ஐட்லிங். கடல் மட்டத்துக்குப் பக்கத்து ஊர்ல பொதுவா 30லேருந்து 40 கிலோபாஸ்கல் பக்கம் இருக்கும். 50ஐத் தாண்டி நின்னா யோசிக்கணும்.

நீங்களே பார்க்கணும்னா, வரிசை இதுதான்.

முதல்ல, கோடை அழிக்காதீங்க. லைட் எரிஞ்ச நொடியில ஆர்பிஎம், லோடு, டெம்பரேச்சர், ட்ரிம் எல்லாம் எவ்வளவு இருந்துச்சுன்னு 'ஃப்ரீஸ் ஃப்ரேம்'னு இசியு சேமிச்சு வெச்சிருக்கும். அதை ஸ்க்ரீன்‌ஷாட் எடுங்க. கோடை அழிச்சா அது போயிடும். பல கார்கள்ல கத்துக்கிட்ட லாங் டெர்ம் ட்ரிம்மும் பூஜ்யமாகிடும். பிழை தேடறதுக்கு முன்னாடியே லாக் ஃபைலை டெலீட் பண்ற வேலை அது.

ரெண்டாவது, என்ஜின் சூடாகட்டும். ஆப்ல 'க்ளோஸ்டு லூப்'னு காட்டினாத்தான் ட்ரிம் நம்பருக்கு அர்த்தம். மூணாவது, ஏசியை ஆஃப் பண்ணி, ஐட்லிங்ல ஒரு நிமிஷம், 2500ல ஒரு நிமிஷம். ரெண்டு இடத்துலயும் ரெண்டு ட்ரிம்மையும் கூட்டி எழுதுங்க. ரோட்ல லோடோட பார்க்கணும்னா பக்கத்து சீட்ல இருக்கிறவர் போனைப் பார்க்கட்டும், ஓட்டுறவர் ரோட்டைப் பார்க்கட்டும்.

கை வைக்கும்போது ஃபேன், பெல்ட், சைலென்சர் பக்கம் ஜாக்கிரதை. லீக் தேடறதுக்கு சூடான என்ஜின் மேல கார்புரேட்டர் க்ளீனர் அடிக்கிற வீடியோவெல்லாம் இருக்கு. வீட்டுல செய்யாதீங்க, தீப்பிடிக்கும். ஹோஸ்ல சிக்கலன்னா ஸ்மோக் டெஸ்ட் இருக்கிற ஒர்க்‌ஷாப்புக்குப் போங்க. மேனிஃபோல்டுக்குள்ள புகையை விட்டா, ஓட்டை தானே காட்டிக் கொடுக்கும். ஒண்ணு மட்டும் தள்ளிப் போடாதீங்க. 'உஸ்'னு சத்தத்தோட பிரேக் பெடலும் கல்லு மாதிரி கெட்டியா இருந்தா, லீக் பிரேக் பூஸ்டர் பக்கம் இருக்கலாம். அன்னைக்கு வண்டியை எடுக்காதீங்க.

ட்ரிம் சந்தேகத்தைத்தான் சுருக்கும், தீர்ப்பு சொல்லாது. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னாடி சைலென்சர் பைப்ல ஓட்டை இருந்தாலும், மிஸ்ஃபயர் ஆனாலும் பொய்யா லீன்னு காட்டலாம். அதனால அமுக்கிப் பார்க்கிறது, புகை விட்டுப் பார்க்கிறதுன்னு இன்னொரு சாட்சி வேணும்.

அடுத்த தடவை யாராவது "சென்சார் மாத்தணும்"னு சொன்னா சண்டை போடாதீங்க. "அண்ணே, ஐட்லிங்ல ட்ரிம் எவ்வளவு, 2500ல எவ்வளவு?"ன்னு மட்டும் கேளுங்க. அளந்து பார்க்கிற மெக்கானிக்கா இருந்தா சந்தோஷமா சொல்லுவார். அவருக்கு அந்த நேரத்துக்கான காசையும் சேர்த்துக் கொடுங்க. நீங்க வாங்க வேண்டிய முதல் பார்ட் அதுதான்.

உங்க காரோட ரெண்டு நம்பரையும் எழுதி அனுப்புங்க, இன்னொரு எபிசோட்ல சேர்ந்து பார்க்கலாம். பார்த்து ஓட்டுங்க மக்களே.