இரண்டு ஊர், ஒரு வருமானம்

மாதத்தின் முதல் வாரம், வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்திற்கு ஒரு சோதனை வாரம். சம்பளம் தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ கைக்கு வருகிறது. ஆனால், அதை எதிர்பார்த்து நிற்கும் செலவுகள் இரண்டு ஊர்களில் இருக்கின்றன. இங்கே வீட்டு வாடகை, பால், மளிகை, மின்கட்டணம், பள்ளிக் கட்டணம்; அங்கே பெற்றோரின் மருந்துச் செலவு, பூர்வீக வீட்டின் வரி, தம்பியின் படிப்பு, தங்கையின் வளைகாப்பு. இவ்விரண்டையும் ஒரே வருமானத்தைக் கொண்டு நடத்த வேண்டிய நிலையில் இருப்பவர்கள் நாம். ஆதலால், சொந்த ஊரிலேயே வாழும் ஒருவருக்கு வரவு செலவுக் கணக்கு நல்ல பழக்கம் என்றால், நமக்கு அது தவிர்க்க முடியாத கடமையாகும்.

கணக்கு எழுதுவது என்றதும் நம்மில் பலர், மாலையில் உட்கார்ந்து கொத்தமல்லிக் கட்டின் விலையைக் குறித்து வைப்பதே கணக்கு என்று எண்ணிச் சலிப்படைகிறார்கள். அது தேவையில்லை. கணக்கில் நம்மை ஏமாற்றுவது மாதச் செலவன்று. ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வரும் செலவே. எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பம் ஊருக்குப் போய்வர ஆண்டுக்கு 24,000 ரூபாயும், பள்ளி தொடங்கும்போது 36,000 ரூபாயும், காப்பீட்டுத் தவணைக்கு 18,000 ரூபாயும், பண்டிகைக்கும் குலதெய்வ வழிபாட்டிற்கும் 12,000 ரூபாயும் செலவிடுவதாகக் கொள்வோம். மொத்தம் 90,000 ரூபாய். இதனைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,500 ரூபாய் ஆகிறது. இந்தத் தொகையை மாதந்தோறும் தனிக் கணக்கில் ஒதுக்கிவிட்டால், ஏப்ரல் மாதம் வரும்போது கடன் வாங்க வேண்டியதில்லை. ரயிலில் 60 நாட்களுக்கு முன்னரே இடம் பதிவு செய்யும் முறை 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பயணப் பணம் முன்னரே ஒதுக்கப்பட்டிருந்தால் பதிவு தொடங்கும் நாளிலேயே சீட்டு எடுக்கலாம். கடைசி நேரத்தில் இரட்டிப்புப் பணம் கொடுத்து அலைய வேண்டியதில்லை.

அடுத்தது ஊருக்கு அனுப்பும் பணம். ஒரு காலத்தில் அஞ்சற்காரர் கொண்டுவந்த மணியார்டரில் இரண்டு வரி எழுத இடம் இருந்தது. பணத்தோடு க்ஷேம சமாசாரமும் போய்ச் சேர்ந்தது. தொகையும் ஏறக்குறைய நிலையாக இருந்தது. இப்பொழுது கைபேசியில் எண்ணைத் தட்டினால் நொடியில் பணம் போய்விடுகிறது. வசதிதான், எனினும், கேட்டபோதெல்லாம் ஐந்நூறும் ஆயிரமுமாக அனுப்பும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. இதனால் அனுப்பியவருக்கு எவ்வளவு போனது என்று தெரிவதில்லை. பெற்றவருக்கு எவ்வளவு வரும் என்று தெரிவதில்லை. வயதான தந்தையார் ஒவ்வொரு முறையும் மகனிடம் கேட்க நேர்வது அவருக்கு மனத்துன்பம். மாதத்தின் குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட தொகையை, கேட்காமலே அனுப்பிவிடுவது கணக்குக்கும் நல்லது, மரியாதைக்கும் நல்லது.

மூன்றாவதாக, ஆபத்துக்கால இருப்பு. மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான பணம் எளிதில் எடுக்கத்தக்க வகையில் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நமக்கு இது மிகவும் பொருந்தும். ஊரில் இருந்தால் அவசரத்திற்கு அண்ணன் வீட்டுக்கோ அத்தை வீட்டுக்கோ ஓடலாம். இங்கே பக்கத்து வீட்டார் எவ்வளவு நல்லவராயினும் அந்த உரிமையோடு கேட்க இயலுமா? நள்ளிரவில் ஊரிலிருந்து தொலைபேசி வந்தால் விடியற்காலையில் நால்வர் புறப்பட வேண்டியிருக்கும். அந்தப் பணம் பங்கிலோ நகையிலோ முடங்கியிருந்தால் உதவாது. சேமிப்புக் கணக்கில் இருந்தால்தான் உதவும்.

நம்மவர் எங்கே குடியேறினாலும் கூடவே குடியேறுவது சீட்டு. பத்துத் தமிழ்க் குடும்பங்கள் உள்ள குடியிருப்பில் ஒரு கோயில் எழுவதற்கு முன்பே ஒரு சீட்டு தொடங்கிவிடும் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சீட்டு தீயதன்று. அது சேமிப்பும் கடனும் கலந்த பழைய ஏற்பாடு. இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டினால் சீட்டுத் தொகை ஒரு லட்சம். ஏலத்தில் ஒருவர் 25,000 ரூபாய் தள்ளி 75,000 ரூபாய்க்கு எடுக்கிறார். அந்த 25,000-இல் நடத்துபவருக்கு 5,000 போக, மீதி 20,000 இருபது பேருக்கும் தலைக்கு 1,000 ரூபாயாகப் பிரிகிறது. முதலில் எடுத்தவர் கடனாளி. கடைசியில் எடுப்பவர் சேமிப்பவர். கடனாளி தொடர்ந்து கட்டுவார் என்ற நம்பிக்கையே இதன் அடித்தளம். இடையில் நடத்துபவர் ஊரை விட்டுப் போய்விட்டால் நட்டமடைபவர் யார்? பொறுமையாகக் கடைசி வரை காத்திருந்த சேமிப்பாளரே.

இதற்காகத்தான் 1982-இல் மத்திய அரசு சீட்டு நிதிச் சட்டம் கொண்டுவந்தது. அச்சட்டப்படி சீட்டைப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். நடத்துபவர் பிணையம் கட்ட வேண்டும். அவருடைய தரகு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 7 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. ‘நம்ம ஊர்க்காரர்’ என்பது பதிவுச் சான்றாகாது. அந்நிய ஊரில் தாய்மொழி காதில் விழுந்தவுடன் மனம் இளகிவிடுகிறது. மனம் இளகட்டும், பணப்பை இளகவேண்டாம்.

பெயரும் புகழும் உடைய நிறுவனமே முறிந்த கதையும் நம் வரலாற்றில் உண்டு. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்னாட் கம்பெனி முறிந்தபோது எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு பாழாயிற்று. அந்த அதிர்ச்சிக்குப் பின்னர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி அய்யர் முதலியோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது. 1960-இல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டதன் பின்னரே, 1962 ஜனவரி முதல் வைப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் 1,500 ரூபாயாக இருந்த பாதுகாப்பு, 2020 பிப்ரவரியில் 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இது அசலும் வட்டியும் சேர்த்து, ஒரு வங்கியில் ஒருவருக்கு உரிய அளவு. அதே வங்கியின் நான்கு கிளைகளில் பணத்தைப் பிரித்துப் போட்டாலும் ஒருவர் ஒருவரே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நீண்ட காலச் சேமிப்புக்கு 1968-இல் தொடங்கிய பொதுச் சேமநிதி நம்போன்றோர்க்கு ஏற்றது. காலம் 15 ஆண்டு; ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய் செலுத்த வேண்டும்; மேல்வரம்பு ஒன்றரை லட்சம். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையிலுள்ள குறைந்த இருப்பின்மீது வட்டி கணக்கிடப்படுவதால், ஐந்தாம் தேதிக்குள் செலுத்திவிடுவது இலாபம். மாற்றலாகி வேறு ஊர் போனால் கணக்கையும் அங்குள்ள அஞ்சலகத்திற்கோ வங்கிக்கோ மாற்றிக்கொள்ளலாம்.

எனினும், வைப்பு ஒன்றையே நம்பியிருத்தல் போதாது. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் ஏறக்குறைய 12 ஆண்டுகளில் இன்றைய நூறு ரூபாயின் வாங்கும் சக்தி ஐம்பதாகச் சுருங்கிவிடும். ஆகையால், பத்தாண்டுக்கு மேல் தேவைப்படாத பணத்தில் ஒரு பகுதியைப் பரஸ்பர நிதி வழியாகப் பங்குகளில் இடுவது பொருத்தமே. ஆனால், ஏற்றமும் இறக்கமும் அதன் இயல்பு. மகள் திருமணம் அடுத்த ஆண்டு என்றால் அந்தப் பணம் அங்கே இருக்கலாகாது. நகையைப் பொறுத்தவரை, அணிவதற்கு வாங்குவது வேறு, சேமிப்பாக வாங்குவது வேறு. செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வருவதில்லை.

இவ்வளவும் செய்த ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். தில்லியில் இருபது ஆண்டு வாழ்ந்த அந்த நண்பர் ஒரு காசு வீணாக்காதவர். ஒருநாள் காலை திடீரென மறைந்தார். பதினாறாம் நாள் கழிந்து அவர் மனைவி இரும்புப் பெட்டியைத் திறந்தார். பாஸ் புத்தகங்கள் இருந்தன. எது உயிரோடு இருக்கும் கணக்கு, எது முடிந்த கணக்கு என்று தெரியவில்லை. தஞ்சைப் பக்கத்தில் மணமாவதற்கு முன் தொடங்கிய ஒரு வைப்பில், நாமினியாக அவருடைய தந்தையாரின் பெயர் இருந்தது. அவர் காலமாகி ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது. வாரிசுச் சான்றிதழுக்காக அந்த அம்மையார் இரண்டு மாநிலங்களுக்கிடையே எத்தனை முறை பயணம் செய்தார் என்பதை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது. சேமித்தவருக்குக் குறைவில்லாத பணம், தேவைப்பட்ட நேரத்தில் தேவைப்பட்டவர் கைக்கு எட்டவில்லை.

அன்று மாலை வீடு திரும்பியதும் நம்முடைய புத்தகங்களை எடுத்துப் பார்த்தோம். ஒன்றில் நாமினி என்ற இடம் வெறுமையாக இருந்தது. பிறர்க்கு உபதேசிக்கும் நமக்கே இந்த நிலை!

சொற்களை மொழிபெயர்ப்பதே தொழிலாக உள்ள நமக்கு, ஒரு சொல்லின் தவறு எவ்வளவு தொல்லை தரும் என்பது தெரியும். ‘நாமினி’ என்பதை நம்மில் பலர் ‘வாரிசு’ என்றே சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவர். அதனை வாரிசுகளுக்கு உரியபடி சேர்ப்பிக்க வேண்டியவர். ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் 1983-இல் உச்ச நீதிமன்றம் இதனையே தெளிவுபடுத்தியது. பின்னர் 2015-இல் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, மனைவி, மக்கள், பெற்றோர் போன்ற நெருங்கியோரை நாமினியாகக் குறித்தால் அவர்களே அனுபவிக்கும் உரிமை பெறலாம் என்று ஆயிற்று. வங்கிப் பணத்திற்கு அந்த விதி பொருந்தாது. ஆதலால், நாமினி குறிப்பது ஒரு வேலை. உயில் எழுதுவது மற்றொரு வேலை. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை. பெரும்பாலோர்க்குத் தம் கையொப்பமும் இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் போதும். வங்கி வைப்புகளுக்கு நால்வர் வரை நாமினி குறிக்கும் வசதி 2025 நவம்பரில் வந்துவிட்டது.

பத்தாண்டு தீண்டப்படாத வங்கி வைப்புகள், 2014-இல் ஏற்படுத்தப்பட்ட ரிசர்வ் வங்கியின் நிதியொன்றுக்கு மாற்றப்படுகின்றன. உரியவர் பின்னரும் கேட்டுப் பெறலாம்; அத்தகைய வைப்புகளைத் தேடிப் பார்க்க 2023-இல் ‘உத்கம்’ என்ற இணைய வசதியும் ஏற்பட்டது. ஊரில் தாத்தாவோ தந்தையோ வைத்த பணம் உண்டா என்று பார்ப்பது தவறில்லை. நம் பணம் அந்தப் பட்டியலில் சேராமல் பார்த்துக்கொள்வது அதனினும் நன்று.

முடிவாக நாம் வேண்டுவது ஒன்றே. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். வங்கி, அஞ்சலகம், காப்பீடு, சேமநிதி, கொடுத்த கடன், வாங்கிய கடன், ஊரிலுள்ள நிலத்தின் பத்திரம் இருக்கும் இடம், ஒவ்வொன்றிலும் நாமினியின் பெயர் ஆகியவற்றைத் தமிழில் எழுதுங்கள். இரகசிய எண்களை மட்டும் அதில் எழுதவேண்டாம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்த பின்னர், மனைவியையோ கணவரையோ அருகில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உரக்கப் படியுங்கள். ‘இதெல்லாம் இப்போது எதற்கு?’ என்று அவர் தடுக்கக்கூடும். தடுத்தாலும் படியுங்கள். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து பாடுபட்டது யாருக்காக என்பதை அந்தப் புத்தகமே சொல்லும்.