நம்மை நம்பிய வாயில்லா உயிர்

(நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியமும் இசையும் முழங்குவதே மரபு. இவ்வாண்டு இல்வாழ்வுக்குப் பயன்படும் பொருள் ஒன்றும் பேசப்படல் வேண்டும் எனக் குழுவினர் விரும்பி, வளர்ப்பு நாயைப் பேணும் முறை பற்றிக் கூறுமாறு எம்மைப் பணித்தனர். யாம் கால்நடை மருத்துவர் அல்லேம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக 20 ஆண்டுகளுக்கு மேலாக அமர்ந்திருக்கின்றோம். வீட்டில் நாய் வளர்க்கின்றோம். அலுவலகத்திலோ, உரியவரோடு வண்டி ஏறும் நாய்களையும், ஏறாது நிலையத்திலேயே விடப்படும் நாய்களையும் கண்டு வருகின்றோம். பேசும் தகுதி எமக்கு உண்டாயின், அஃது இவ்வளவே.

நட்பின் சிறப்பை விளக்கவந்த நாலடியார், யானையின் நட்பினும் நாயின் நட்பே மேல் என்று கூறுவதை நம்மிற் பலர் பள்ளியிலேயே படித்திருப்போம். நாய் நல்ல நட்பிற்கு உவமையாயிற்று. அந்த நாய்க்கு நாம் எத்தகைய நண்பர்கள்? இதனையே இன்று உங்கள்முன் வைக்க விழைகின்றோம்.

நாயின் ஆயுள் ஏறக்குறைய 10 முதல் 15 ஆண்டுகள். அக்காலத்திற்குள் நம்மவர்க்கு இரண்டு மூன்று மாற்றல்கள் வருதல் இயல்பு. பிள்ளைகள் அழுது கேட்டனர் என்பதற்காக ஒரு மாலைப்பொழுதில் குட்டியை வாங்கி வருவது எளிது. அடுத்த ஊரில் வீடு எத்தகையது, காலையில் அதனை நடத்திச் செல்வார் யார், ஊருக்குச் செல்லும் நாளில் பார்ப்பார் யார் என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே குட்டியைத் தூக்குதல் வேண்டும்.

ஊருக்கு ஏற்ற நாயைத் தேர்தலும் இன்றியமையாதது. நாகபுரியின் கோடை நாம் அறியாததன்று. வெப்பம் 45 பாகையைக் கடக்கும் நாள்களும் உண்டு. பனி நாட்டிற்கென அமைந்த அடர்ந்த மயிர்ப்போர்வையுடைய ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்றவற்றை அழகுக்காக இங்கே கொணர்வது அவ்வுயிர்க்கு இழைக்கும் தீங்காகும். நம் இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை இன நாய்கள் வெயிலறிந்தவை. 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்கள் நான்கிற்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது, இராசபாளையமும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. எனினும் இந்நாய்கள் ஓட்டத்திற்குப் பிறந்தவை. ஓடுவதற்கு இடமும் நேரமும் தர இயலாதார் அவற்றைக் கொள்ளாமையே நன்று. தெருவில் பிறந்த குட்டியை எடுத்து ஊசியிட்டு வளர்ப்பாராயின், அதனினும் நற்செயல் பிறிதில்லை.

இனி, உடல்நலம் பற்றிக் காண்போம். குட்டிக்கு 6 முதல் 8 வாரங்கள் ஆனவுடன் டிஸ்டெம்பர், பார்வோ முதலிய நோய்களுக்கான முதல் தடுப்பூசி இடல் வேண்டும். 16 வாரங்கள் நிறையும் வரை 3 அல்லது 4 வாரத்திற்கு ஒரு முறை அதனைத் தொடர்தல் வேண்டும். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி. பின்னர் மருத்துவர் குறிக்கும் நாளில் ஆண்டுதோறும் மீண்டும் இடுதல் வேண்டும். குடற்புழு மருந்தும், உண்ணி நீக்கும் மருந்தும் காலந்தவறாது தரப்படல் வேண்டும். உண்ணி வெறும் அரிப்பு மட்டும் தருவதன்று. குருதியைக் கெடுக்கும் காய்ச்சலையும் அது கொணரும். இவற்றையெல்லாம் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் நலம். மாற்றலாகிச் சென்ற ஊரில் புதிய மருத்துவர் முதலில் கேட்பது அக்குறிப்பேட்டைத்தான்.

வெறிநோய் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டியுளது. நோயின் குறிகள் மனிதரிடம் தோன்றிய பின்னர்ப் பிழைப்பது அரிதினும் அரிது. அவை தோன்றுமுன் காத்தலோ எளிது. பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1885-ஆம் ஆண்டிலேயே இதற்கான ஊசிமருந்தை மனிதர்க்கு இட்டு வழிகாட்டினார். அவர் பெயரால் நம் குன்னூரில் 1907-ஆம் ஆண்டு முதல் ஒரு நிலையம் இயங்கி வருகின்றது. முற்காலத்தில் வயிற்றில் நாள்தோறும் இட்ட ஊசிகளை எண்ணி இன்றும் அஞ்சுவோர் உளர், அம்முறை ஒழிந்துவிட்டது. இப்பொழுது தோளிலேயே சில ஊசிகள். ஆழ்ந்த காயமாயின் காயத்தைச் சுற்றி மற்றொரு மருந்தும் இடுவர்.

நாய் கடித்தாலோ பல் பட்டுக் கீறினாலோ, காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுக. உடனே மருத்துவமனை செல்க. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் ஆகிய எதனையும் அப்புதல் கூடாது. "நம் வீட்டு நாய்தானே!" என்று வாளா இருத்தலும் கூடாது.

நிற்க. உணவைக் கருதுவோம். நம் இல்லங்களில் மிஞ்சிய தயிர்ச்சோறே நாயின் பங்கு. சோறு மட்டும் அதன் உடலை வளர்க்காது. முட்டையோ இறைச்சியோ, அல்லது மருத்துவர் கூறும் வேறு புரத உணவோ உடன் வேண்டும். நமக்கு அமுதாவன சில அதற்கு நஞ்சாகும். சாம்பாரில் இட்ட வெங்காயம் அதன் சிவப்பணுக்களை அழிக்கும். பாயசத்தில் மிதக்கும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் நெஞ்சைத் தாக்கும். வேகவைத்த கோழியெலும்பு கூரிய சிம்புகளாகப் பிளந்து குடலைத் துளைக்கும். நாம் உண்ணும் வலி மாத்திரைகளை நாமே அதற்குத் தருவதும் பெரும் இடர் விளைப்பது.

நம்மைப்போல் உடலெங்கும் வியர்வை சிந்த நாயால் இயலாது. நாவை நீட்டி இரைத்தே அது தன் வெப்பத்தைத் தணிக்கின்றது. ஆதலின் கோடையில் விடியற்காலையிலும் கதிரவன் மறைந்து தரை ஆறிய பின்னருமே நடத்திச் செல்லுதல் வேண்டும். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள். 5 நொடி நம் கை பொறாத தரையை அதன் பாதம் எங்ஙனம் பொறுக்கும்? கடுமையாக இரைத்து, எச்சில் ஒழுகி, கால் தள்ளாடுமாயின் அது வெப்பத்தாக்கு என அறிக. நிழலுக்குக் கொணர்ந்து, உடலெங்கும் நீர் ஊற்றி, விசிறியின்கீழ்க் கிடத்தி, காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்க. பூட்டிய மோட்டார் வண்டிக்குள் நாயை விட்டுச் செல்லுதல் எக்காலத்தும் ஆகாது. தீபாவளி வேட்டொலியில் வெருண்டு ஓடித் தொலையும் நாய்கள் பல; அந்நாள்களில் அதனை உள்ளறையில் வைத்திருங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண் எப்பொழுதும் இருக்கட்டும்.

எஞ்ஞான்றும் சங்கிலியில் கட்டிவைத்து, "காவல் காக்கின்றது" என்று பெருமை கொள்வாரும் உளர். நாள் முழுதும் கட்டுண்ட நாய்க்கு நடமாட்டம் அளிக்காதிருத்தல், 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். பட்டினியாலும் தாகத்தாலும் துன்புறும் வண்ணம் தக்க காரணமின்றி விலங்கைக் கைவிடுதலும் அச்சட்டத்தின்படிக் குற்றமே. இச்சட்டம் பிறக்க நாடாளுமன்றத்தில் முதற்குரல் எழுப்பியவர் பரதக்கலையால் நாமறிந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் என்பது தமிழர்க்குப் பெருமை தருவதாம். 1962-ஆம் ஆண்டு அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

கைவிடுதல் என்றோம். அதனைச் சொல்லவே இவ்வளவும் கூறினோம் எனினும் மிகையாகாது. மூன்றாண்டுகளுக்குமுன் எம் குடியிருப்பில் ஒரு குடும்பம் மாற்றலாகிச் சென்றது. கட்டில், பீரோ, துளசித் தொட்டி எல்லாம் லாரியில் ஏறின. நாய் ஏறவில்லை. பூட்டிய கதவின்முன் அது பல நாள் படுத்துக் கிடந்தது. தெருமுனையில் லாரியின் ஒலி கேட்குந்தோறும் எழுந்து நின்றது. எம் தெருப் பிள்ளைகள் இரக்கத்தால் ரொட்டி ஊட்டினர். அந்நாய்க்கு வெறிநோய் ஊசி இட்டார்களா, எப்பொழுது இட்டார்கள் என்பதை அறிந்தார் எவரும் இலர். குறிப்பேடு சென்றவர்களோடு போயிற்று. ஈராண்டு ஊசி தவறிய நாய் தெருநாய்களோடு கலந்து திரியுமாயின், அதன் கடி எந்த வீட்டுப் பிள்ளைக்கு என்பதை யாரறிவார்? நற்காலமாக, எதிர்வீட்டு அம்மையார் ஒருவர் அதனை அழைத்துச் சென்று ஊசியிட்டு வளர்த்து வருகின்றார்.

"இரயிலில் நாயைக் கொண்டுபோக விடமாட்டார்களே!" என்று நம்மவர் பலர் கூறுவதைக் கேட்கின்றோம். அது சரியன்று. குளிரூட்டிய முதல் வகுப்பில் இருவர் அறையையோ நால்வர் அறையையோ முழுவதும் நம் பெயரில் பெற்று, உரிய கட்டணம் செலுத்தி நாயை உடன் கொண்டு செல்லலாம். அவ்வளவு செலவு செய்ய இயலாதார், கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில் பதிவு செய்து அனுப்பலாம். படுக்கை வகுப்பிலும், குளிரூட்டிய இரண்டாம், மூன்றாம் வகுப்புகளிலும் நாயைக் கொண்டுசெல்ல இசைவில்லை. மறைத்துக் கொண்டுசென்றால் தண்டம் உண்டு.

புறப்படும் நாளுக்கு முன்னரே பார்சல் அலுவலகத்தில் அவ்வண்டியில் கூண்டு உண்டா எனக் கேட்டறிக. தடுப்பூசிக் குறிப்பேடு, மருத்துவர் சான்று, உறுதியான கழுத்துப்பட்டை, சங்கிலி, நீர்க்கிண்ணம், அதற்குப் பழகிய பழந்துணி ஒன்று ஆகியவற்றை உடன் வைத்துக்கொள்க. வழியில் உணவும் நீரும் தருவது உரியவரின் பொறுப்பே. வண்டி நெடுநேரம் நிற்கும் நிலையங்களில் இறங்கிச் சென்று பாருங்கள். புறப்படுமுன் வயிறு முட்ட ஊட்டாதீர்கள். கோடையாயின் இரவு வண்டியே ஏற்றது. எவ்வாற்றானும் கொண்டுசெல்ல இயலாதாயின், மாற்றல் ஆணை வந்த அன்றே நம்பிக்கையான இல்லம் ஒன்றைத் தேடுங்கள். குறிப்பேட்டோடு நாயை ஒப்படையுங்கள். கதவைப் பூட்டிய பின்னர்த் தேடுவதில் பயனில்லை.

அன்பர்களே! பிறந்த ஊரைவிட்டு வந்த நாம், மொழியறியாத தெருவில் முதல் நாள் நின்ற உணர்வை இன்னும் மறந்திலோம். நமக்கு முகவரி கேட்க வாய் இருந்தது. கடிதம் எழுதக் கை இருந்தது. வரவேற்க இச்சங்கம் இருந்தது. அந்த உயிர்க்கு இருப்பவர் நாம் ஒருவரே. நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள்: ஆண்டுதோறும் செப்டம்பர் 28-ஆம் நாள் உலக வெறிநோய் நாளாகக் கொள்ளப்படுகின்றது. அந்நாளையொட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்து, நம் உறுப்பினர் வீட்டு நாய்களுக்கும் நம் தெருநாய்களுக்கும் தடுப்பூசி இடும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். பெயரெழுதவும், குறிப்பேடு நிரப்பவும், வரிசை காக்கவும் யாம் வருவோம். அவ்வேலை எமக்குப் பழகியதே.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!